மலை ஏன் படத்தில் சின்னதாகிவிடுகிறது?

கேள்வி: நான் கத்ர் போர்னில் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியை. இரண்டு வருடமாக ஒரு கேமராவும் 24-105 லென்ஸும் வைத்துக்கொண்டு நம் மொரீஷியஸ் மலைகளைப் படமெடுத்து வருகிறேன். நேரில் பார்க்கும்போது மூச்சடைக்க வைக்கிற மலை, வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்மேடு மாதிரி இருக்கிறது. ஒரு புகைப்படக் குழுவில் படங்களைக் காட்டினேன். "மலை நடுவில் வந்துவிட்டது, ஃபிரேமை மூன்றாகப் பிரித்து வையுங்கள்" என்றார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அதே குழுவில், புதிதாகச் சேர்ந்தவர்களின் படங்களுக்கு என்னையே கருத்துச் சொல்லக் கேட்கிறார்கள். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு? அடுத்தவர் படத்தை எப்படிப் பார்த்துச் சொல்வது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

உங்கள் மூன்று படங்களையும் அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, மேசைமேல் சாய்த்து வைத்து நாலு நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அதனால்தான் பதில் தாமதம். திரையில் பார்த்தால் கை சும்மா இருக்காது, பெரிதாக்கிப் பெரிதாக்கி இலையையும் பாறையையும் பார்க்கப் போய்விடும். சின்ன பிரிண்டில் அதெல்லாம் தெரியாது. எது கனமாக இருக்கிறது, எது எதன்மேல் சாய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மலைப் படத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

பீட்டர் போத் மலைப் படத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் பலவீனமான படம் அதுதான், ஆனால் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது. கிரேவ் கேர் பக்கம் ஒரு கரும்பு வயல் ஓரத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். நடுவில் மலை. மேலே பாதிக்கும் அதிகமாக வெளிறிய வானம். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மின்கம்பி. கீழே கரும்புத் தோகை. வலது மூலையில், பாதி வெட்டுப்பட்டு, வயலில் பொறுக்கிப் போட்ட கருங்கல் குவியல்.

அந்தக் கற்குவியலைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தீவின் மண் எரிமலை மண். கரும்பு நட வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோர் கையால் தூக்கி அடுக்கிய கற்கள் இன்னும் வயல் நடுவே மேடு மேடாக நிற்கின்றன. அதற்குப் பின்னால் எரிமலை எழுப்பிய மலை. ஒன்று இயற்கை போட்ட குவியல், இன்னொன்று மனிதர் போட்ட குவியல். படம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது, டீச்சர். அதை உங்கள் கண் கண்டுபிடித்துவிட்டது. கைதான் மூலையில் தள்ளிவிட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மலை ஏன் சுருங்குகிறது? பீட்டர் போத் 820 மீட்டர். இந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரத்தைவிட எட்டு மீட்டர்தான் குறைவு. நேரில் நிற்கும்போது நம் கண் மலையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறது, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடுகிறது. லென்ஸ் எதையும் ஒதுக்காது. நீங்கள் 24 மில்லிமீட்டரில் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் லென்ஸில் மிக அகலமான பார்வை அதுதான், எண் ஏற ஏறப் பார்வை குறுகும். பெரிய மலை என்பதால் எல்லாம் அடங்கட்டும் என்று லென்ஸை அகலமாக்கியிருப்பீர்கள், எல்லோரும் செய்வது அதைத்தான். ஆனால் லென்ஸை அகலமாக்க அகலமாக்க எல்லாமே சுருங்கும். பக்கத்தில் இருப்பதை நாம் கிட்டே போய்ப் பெரிதாக்கிவிடுகிறோம், தொலைவில் இருப்பது சுருங்கியே நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்குவியலிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று 24-இல் எடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாகக் குவியலிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போய், லென்ஸை 72-க்குத் திருப்பி எடுங்கள். தூரமும் மூன்று மடங்கு, லென்ஸும் மூன்று மடங்கு, அதனால் கற்குவியல் படத்தில் அதே அளவில்தான் இருக்கும். மலையோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கிறது, எட்டு மீட்டர் நீங்கள் பின்னால் போனது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மலை மட்டும் மூன்று மடங்கு பெரிதாகிவிடும். கற்குவியலுக்குப் பின்னால் அப்படியே எழுந்து நிற்கும். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. நேரில் உங்கள் மனசு பார்த்த அளவுக்கு மலையைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான். லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரத்தை எஃப் 11 என்ற சிறிய அளவுக்கு வைத்து, குவியலுக்கு நாலைந்து மீட்டர் பின்னால் ஃபோகஸ் செய்தால் கல்லும் மலையும் இரண்டுமே கூர்மையாக வரும். ஒரு டிரைபாட் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

பின்னால் போகும்போது இன்னொன்றும் கிடைக்கும். அந்த மின்கம்பி உங்கள் தலைக்கு மேலே போகிறது என்று நினைக்கிறேன். 72-இல் பார்வையின் அகலம் குறைந்துவிடுவதால் அது ஃபிரேமுக்கு வெளியே போக வாய்ப்பு அதிகம். போகவில்லையென்றால் முழங்கால் போட்டு உட்காருங்கள், அல்லது கரும்பு வரிசையோரமாக இடம் மாறிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அழிக்க முடியும், உண்மை. ஆனால் கம்பியைத் தவிர்க்க நீங்கள் நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நல்ல இடம் கண்ணில் படும். என் நல்ல படங்களில் பாதி எதையோ தவிர்க்க நகர்ந்தபோது கிடைத்தவை.

பீட்டர் போத் என்றால் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பால்காரர் கதைதான் நினைவுக்கு வரும். மலையில் ஆடிய தேவதைகளைப் பார்த்ததை வெளியில் சொல்லிவிட்டதால் கல்லாகிப்போனவர். கழுத்துமேல் தலையை எடுத்து வைத்தாற்போல் உச்சியில் இருக்கும் அந்த உருண்டைப் பாறைதான் மலைக்கே உயிர். உங்கள் படத்தில் அது ஒரு கடுகளவு. போதாததற்குப் பின்னால் மேகமும் அதே வெளிறிய நிறம். தலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் சுத்தமான வானம் வேண்டும். அது கேமராவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் தென்காசிக்காரன். அங்கே வருடத்தில் பெரும்பகுதி வெயில் தெற்கிலிருந்து சாயும். மலையின் தெற்கு முகம் பளிச்சென்று இருக்கும், வடக்கு முகம் மங்கும். சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவன், இருபது வருடம் முன்பு இந்தத் தீவுக்கு வந்ததும் அதே கணக்கோடு மலைகளைத் தேடிப் போனேன். போன இடமெல்லாம் மலை நிழலில் நின்றது. நாம் இப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். இங்கே குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகத்தான் போகும். ஜூன் மாத நடுப்பகலில்கூட அது உச்சிக்கு ஏறாது, வடக்கு வானத்தில் ஏறக்குறைய பாதி உயரத்தில் நிற்கும். அதனால் கிரேவ் கேர் பக்கத்திலிருந்து தெற்கே திரும்பி மலையைப் பார்க்கிறவருக்கு முகத்தில் வெளிச்சம் விழுந்த மலை கிடைக்கும். தெற்கே லா லோரா பக்கம் நிற்கிறவருக்கு அதே நேரத்தில் நிழல் முகம்.

இடம் நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மாதமும் மணியும்தான் கை கொடுக்கவில்லை. டிசம்பர் விடுமுறையில், பகல் பன்னிரண்டரைக்கு எடுத்ததாகப் படத்தின் விவரத்தில் இருக்கிறது. அந்த மாதத்தில் நடுப்பகல் சூரியன் நம் நடு உச்சியில் நிற்கும். மலையின் மடிப்புகளில் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மலைக்கு உடம்பு இல்லை, வெட்டி ஒட்டிய அட்டை மாதிரி ஆகிவிடும். ஜூனிலோ ஜூலையிலோ காலை ஏழரைக்குப் போங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வெயில் உங்கள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து மலையின் இடப்பக்கத்தில் விழும், வலப்பக்கம் நீல நிழலாக இருக்கும். மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும். தென்கிழக்குக் காற்று நேரம் போகப் போக ஈரத்தைக் கொண்டுவந்து உச்சியில் மேகமாகக் கட்டிவிடும், ஆகவே காலைதான் பாதுகாப்பு. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, காற்றில் இருக்கும் தூசி கழுவிப் போயிருக்கும். அப்புறம், அது கரும்பு பூக்கும் பருவம். வெள்ளிப் பூக்களில் சாய்ந்த வெயில் பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயல் பக்கத்திலேயே இருந்தால் கற்குவியலும் முழுசாக வெளியே தெரியும்.

அடுத்தது லெ மோர்ன் படம். லா கோலெத் கரையிலிருந்து, டிசம்பர் மாலை. குழுவில் குறை சொன்னது இந்தப் படத்தைத்தான் என்று எழுதியிருந்தீர்கள். மலை நடுவில் இருப்பது தவறில்லை. காயல் அன்று அசையாமல் இருந்திருக்கிறது, மலையின் நிழலுருவம் தண்ணீரில் தலைகீழாக விழுந்திருக்கிறது. மேலும் கீழும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்போது நடுவில் வைப்பதுதான் முறை. ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் தராசின் ஒரு தட்டைக் கழற்றிய மாதிரி இருந்திருக்கும். ஃபிரேமை மூன்றாகப் பிரிப்பது நல்ல பழக்கம்தான், எதையும் யோசிக்காமல் நடுவில் வைப்பவரை ஒரு நிமிடம் நிறுத்தும். யோசித்து வைத்தவரை அது கட்டுப்படுத்தாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இடதுபுறம் உள்ள படகின் பாய்மரம் மேலே போய் மலை விளிம்பைச் சரியாகத் தொடுகிறது. பிரிண்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படகும் மலையும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பு உருவமாகிவிடுகின்றன. நீங்கள் இரண்டடி வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்திருந்தால் படகு தனியாக வந்திருக்கும், தன் சின்னஞ்சிறு உருவத்தால் மலையை உயர்த்தியிருக்கும். இன்னொன்று, அந்த ஆரஞ்சு. கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றியிருக்கிறீர்கள். மேகத்தின் ஓரங்கள் எரிந்து, உள்விவரம் போய், பெயிண்ட் அடித்தது போல் இருக்கின்றன. எடுக்கும்போதே வானத்தின் பளிச்சிடும் பகுதிக்குத் தகுந்தபடி எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவை வைத்து, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால், பிறகு ஏற்றவே தேவையிருக்காது.

இதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். லெ மோர்ன் 556 மீட்டர் பாறை. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் அந்த நினைவுக்காகத்தான். மேலே ஒண்டியிருந்தவர்களுக்கு அந்தச் செங்குத்துச் சுவர்தான் காவல். அதை அஸ்தமனத்தில் வெறும் கறுப்பு உருவமாக ஆக்கிவிட்டால் சுவரே மறைந்துபோகிறது. டிசம்பரில் லா கோலெத்திலிருந்து பார்த்தால் சூரியன் ஏறக்குறைய மலைக்குப் பின்னாலேயே இறங்குகிறது, ஆகவே கறுப்பைத் தவிர வேறு கிடைக்க வழியில்லை. அதே கரைக்கு விடியற்காலையில் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், கிழக்கு மலைகளுக்குப் பின்னாலிருந்து ஏறும். காயலும் கரையும் இன்னும் நிழலில் இருக்கும்போதே பாறையின் மேல்விளிம்பில் வெயில் விழுந்து மெல்லக் கீழே இறங்கும். அந்தச் சில நிமிடங்களில் சுவரின் ஒவ்வொரு பிளவும் தெரியும். அங்கே ஒளிந்திருந்தவர்களை நினைத்துக்கொண்டு எடுங்கள்.

1927-இல் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறையை எடுக்கப் போனார். கடைசியில் கையில் மிச்சம் இருந்தவை, அன்று ஃபிலிம் மாதிரி படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் இரண்டே இரண்டு. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான், அதில் வானம் சாதாரணமாக வரும், தனக்குள் அந்தப் பாறை ஏற்படுத்திய கனம் வராது என்று அவருக்குத் தோன்றியது. கடைசித் தகட்டை ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். நீல வானம் ஏறக்குறையக் கறுத்து, பாறை முன்னால் வந்து நின்றது. இன்று நீங்கள் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தை இறக்கினாலே அதைச் செய்யலாம். அவருக்கு அது வாய்த்தது, ஷட்டரை அமுக்குவதற்கு முன்பே முடிந்த படத்தை மனசில் பார்த்ததால். லெ மோர்னில் உங்களுக்கு என்ன தோன்றியது? அழகா, பயமா, வருத்தமா? அதை ஒரு வார்த்தையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கேமராவை எடுங்கள். நீங்கள் மொழி கற்பிப்பவர், சரியான வார்த்தை உங்களுக்குக் கிடைக்கும்.

மூன்றாவது, தைப்பூசக் காவடி அன்று கோர் தெ கார்ட் மலை அடிவாரத்து முருகன் கோயிலில் எடுத்தது. உங்கள் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பார்கள், கடல் தாண்டி வந்த மக்களும் இங்கே முதலில் ஒரு குன்றைத்தான் தேடியிருக்கிறார்கள். காலை வெயில் கத்ர் போர்ன் பக்கத்திலிருந்து நேராக மலைமேல் விழுகிறது. மஞ்சள் உடுத்தியவர்களின் வரிசை படியேறி நம் கண்ணைக் கோபுரத்துக்கு இழுத்துப்போகிறது, கோபுரம் அங்கிருந்து மலைக்கு அனுப்புகிறது. அருமை. ஒரே ஒரு குறை: கோபுரத்தின் உச்சியும் மலையின் முகடும் ஒரே கோட்டில் முட்டிக்கொள்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறுகிறது. பத்துப் பதினைந்து அடி பின்னால் வந்திருந்தால் கோபுரம் மலையின் கரும்பச்சைக்குள் இறங்கி, அதன் வண்ணங்கள் பூப்போலத் தெரிந்திருக்கும். முன்னால் போயிருந்தால் கோபுரம் வானத்தில் ஏறி மலையை வென்றிருக்கும். நான் பின்னால்தான் வந்திருப்பேன். முருகனை மலை மடியில் வைத்திருக்கிற மாதிரி இருக்கும். அலகு குத்தியவர்களின் முகம் தெளிவாகத் தெரிகிற படத்தைக் குழுவில் காட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி, அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்வது. ஊரில் இருந்தபோது, குற்றால மலையை எடுத்த பன்னிரண்டு பிரிண்டுகளை ஒரு ஸ்டுடியோ முதலாளியிடம் கொண்டுபோனேன். சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிப் பார்த்துவிட்டு, "ஷார்ப்பா இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஒரு வருடம் நான் கூர்மையை மட்டுமே பார்த்தேன், மலையைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பெரியவரிடம் அதே பிரிண்டுகள் போயின. அவர் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளங்கையால் படத்தின் கீழ்ப்பகுதியை மூடினார். "இப்ப எப்படி இருக்கு?" கையை எடுத்தார். "இப்ப?" கீழே ஒரு ஆட்டிடையன் இருந்தான். அவனை மூடினால் மலை வெறும் பாறை, திறந்தால் மலை. தப்பு, சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது அந்த மத்தியானத்தில்தான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு அட்டையை எல் வடிவத்தில் இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட்மேல் அவற்றை நகர்த்தி நகர்த்தி வானத்தைக் குறைத்துப் பாருங்கள், ஓரத்தைக் குறைத்துப் பாருங்கள். எடுத்தவரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கருத்துச் சொல்வதற்கு முன், படத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: "என் கண் முதலில் இந்த வெள்ளைப் பாறைக்குப் போகிறது, அங்கிருந்து ஆற்றோடு இறங்கி, இந்த மூலையில் வெளியே போய்விடுகிறது." அதைக் கேட்டாலே எடுத்தவருக்குப் பாதி புரிந்துவிடும். பிறகு, அவர் எதைப் பார்த்து நின்றார் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் கண் போன வழியும் ஒன்றாக இருந்தால் படம் வேலை செய்கிறது, நீங்கள் அதில் கைவைக்க வேண்டாம். ஒன்றாக இல்லாவிட்டால், எந்தப் பொருள் வழிமறிக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். பெரும்பாலும் அது ஓரத்தில்தான் இருக்கும்: அரைகுறையாக வெட்டுப்பட்ட கிளை, பளிச்சென்று ஒரு பிளாஸ்டிக் பை, மலை உச்சியை ஃபிரேமின் மேல்விளிம்பு நெரிப்பது.

நல்லது எது என்பதையும் இடத்தைச் சுட்டியே சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று கட்டுரை நோட்டில் எழுதினால் பிள்ளைக்கு என்ன உதவி? "இந்த வரி நன்றாக இருக்கிறது" என்றால் அடுத்த முறையும் அப்படி எழுதும் அல்லவா? அதே மாதிரிதான். ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். புதியவர் இரண்டாவதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

உங்களுக்கும் நான் ஒரே ஒரு வேலைதான் வைக்கிறேன். லெ மோர்னும் கோயிலும் அங்கேயே இருக்கும், அவசரமில்லை. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கிரேவ் கேர் போய், அந்தக் கற்குவியலிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, 72-இல் எடுத்து அனுப்புங்கள். வயலுக்குள் இறங்குவதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். வானத்தைக் கால்பங்குக்கு மேல் விடாதீர்கள். பால்காரரின் தலை தெரிகிற வரை காத்திருங்கள்.